இடம் சந்தேகமான ஒரு பார்

நான் ஓய்வு பெற்ற மாதம், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகள் எனக்கு ஒரு கடலை அனுப்பிவைத்தாள். சுண்டல் போடுகிற கடலை இல்லை, உப்புத் தண்ணீர்க் கடல். அவள் படிக்கும் இடத்து நூலகத்தில் பழைய கடல் வரைபடங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவாம். அதில் ஒன்றில் எங்கள் கல்முனைக் கரையைக் கண்டிருக்கிறாள். அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டு, "வாப்பா, உங்கட கண்ணுக்கு ஒரு வேல வேணும்தானே, இதப் பாருங்க" என்று ஒரு குரல் பதிவும் அனுப்பினாள்.

நான் நில அளவை அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவன். சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் என் பேனை படாத வரம்பு குறைவு. எந்த வாய்க்கால் எந்தக் காணிக்குள் எத்தனை அடி நுழைந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடக்கிற கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. போட்டில் ஏறியதே இல்லை. பஸ்ஸில் பொத்துவில் வரை போனாலே எனக்கு வயிறு பிரட்டும்.

கையளவு தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் வலித்ததால் பெரிதாக அச்சடிக்க நினைத்தேன். அவ்வளவு பெரிய அளவில் அடிக்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் பதாகை அடிக்கிற கடைக்குத்தான் போக வேண்டும். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர்.

"என்ன நிகழ்ச்சி, சேர்?"

"நிகழ்ச்சி ஒண்டுமில்ல. மெப்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் தலையாட்டினார். மறுநாள் போனால், கல்யாணப் பதாகை அடிக்கிற அதே பளபளத்த பிளாஸ்டிக் துணியில் வங்காள விரிகுடா விரிந்து கிடந்தது. மேல் மூலைகள் இரண்டிலும் இரண்டு சிவப்பு ரோஜாப்பூ. கீழே, ஆழ்கடலுக்கு நடுவில், 'இதயம் கனிந்த நல்வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"அது தன்னால வாறது, சேர். கிடக்கட்டும். வெறுமையா இரிந்தா நல்லா இரிக்காது."

கொண்டுவந்து மண்டபத்துச் சுவரில், மணிக்கூடு தொங்கிய ஆணியைப் பிடுங்கிவிட்டு, நாலு ஆணி அடித்து மாட்டினேன். மனைவி மருதமுனைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் தறியில் நெய்தவள், சாயம் தோய்த்தவள். நிறங்களைப் பற்றி அவளிடம் வாய் திறந்து நான் வென்றதில்லை. அவள் படத்தை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு, "ஆருக்குக் கலியாணம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் படத்தில் நிலம் கிட்டத்தட்ட வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. நான் ஆயுள் முழுக்க வரைந்த வயல், வாய்க்கால், வீடு ஒன்றும் இல்லை. கரையோரம் நாலைந்து தென்னை, தூரத்தில் ஒரு மலைமுனை, ஊர்ப் பெயரென்று வாயில் நுழையாத ஏதோ எழுத்துகள். வேலையெல்லாம் கடலில்தான். கப்பலை நிறுத்தி, சின்னப் படகுகளை இறக்கி, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி இறக்கி ஆழம் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பாகம் ஆழம் என்று ஒரு இலக்கம். பக்கத்தில் மணலா, சேறா, சிப்பியா என்று சொல்லும் ஒரு சின்ன எழுத்து. ஆயிரம் தரம் யாரோ ஒருவர் குண்டை இறக்கி, இழுத்து, கத்திச் சொல்ல, இன்னொருவர் எழுதியிருக்கிறார். என் தொழில்காரர்கள்தான், நனைந்த என் தொழில்காரர்கள்.

எங்கள் கரைக்கு நேரே, இரண்டு மைல் அளவு தள்ளி, புள்ளிகளால் ஒரு வட்டம் போட்டிருந்தது. நடுவில் ஒரு சிலுவைக் குறி. பக்கத்தில் பவளப்பாறைக்கு, எங்கள் பேச்சில் முருகைக்கல்லுக்கு, உரிய எழுத்து. அதாவது கடலுக்கடியில் ஒரு பார், கல் திட்டு. பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கம். அதற்குப் பொருள் 'இடம் சந்தேகம்'. அதாவது பார் உண்டு, ஆனால் இங்கேதானா என்று சத்தியம் பண்ண முடியாது.

இதை நான் மனைவிக்கு விளக்கினேன். "அப்பிடி எழுதலாமா?" என்றாள். "இத்தன வருசம் நீங்க எழுதியிரிக்கலாமே. வயல்காரன் கேட்டா, வரம்பு இரிக்கி, இடம் சந்தேகம் எண்டு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் சாப்பிட வந்தான். என் மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு பைபர் போட்டும் எஞ்சினும் வைத்திருக்கிறான். கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்ணின் வீட்டில் மாமியோடுதான் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில், ராத்தா என்று கூப்பிடும் தன் அக்காவின் கையால் சாப்பிட இங்கே வருவான். வரும்போது மீன் கொண்டுவருவான். அன்று கொண்டுவந்தது பெரிய கலவாய்.

படத்தைக் காட்டினேன். புள்ளி வட்டத்தில் விரலை வைத்தேன்.

அவன் சோற்றுக் கையோடு கிட்ட வந்து பார்த்தான். பிறகு சிரித்தான். "இதில ஒண்டுமில்ல மச்சான். வெறும் மணல்."

"வெள்ளைக்காரன் அளந்து போட்டிரிக்கான்."

"அவன் இஞ்ச எத்தின நாள் நிண்டவன்?"

"ரெண்டு மூணு நாள் இரிக்கும்."

"நான் பதினாறு வயசில இரிந்து போறன். அந்தப் பக்கம் கல்லும் இல்ல, பாரும் இல்ல. வல போட்டா வல சுத்தமா வரும்."

"இந்த ஊருக்குப் பேரு கல்முனை. ஊருக்குள்ள தோண்டினா மணல்தான் வருது. கல்லு கடலுக்குள்ளதான் இரிக்கணும்" என்று நான் சொன்னேன். இதைப் பல வருஷமாக மனதில் வைத்திருந்தேன், சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

"அப்ப நிந்தவூரில நிந்தாவ எங்க தேடுற?" என்றான் மச்சான்.

மனைவி கலவாய்க் குழம்பை வைத்துக்கொண்டே, "கலவாய் மணலுக்க கிடக்கிற மீனாடா, கல்லுக்க கிடக்கிற மீனாடா?" என்று கேட்டாள். அவன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை.

பேச்சு வளர்ந்து, கடைசியில் நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவானது. படத்தில் போட்ட இடத்தில் பார் இல்லையென்றால் நான் அந்தப் பதாகையைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட வேண்டும். இருந்தால், மச்சான் ஒரு வருஷத்துக்கு என் பேச்சை எதிர்த்துப் பேசக்கூடாது. அவன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம்.

முறைப்படி செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மச்சானிடம் ஜீபீஎஸ் கருவி இருந்தது. அதை அவன் யாருக்கும் காட்டுவதில்லை, இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் சுருட்டி வைத்துக்கொள்வான். எனக்கு அது வேண்டாம். பழைய மாலுமிகள் அளந்த மாதிரியே அளக்க வேண்டும். மரக்கறிக் கடைக்காரரிடம் ஒரு பழைய இரும்புப் படிக்கல் வாங்கினேன், இரண்டு கிலோ நிறுப்பது. அடியில் ஒரு குழி இருந்தது. அந்த நாள் ஈயக்குண்டிலும் இப்படித்தான் ஒரு குழி இருக்குமாம். அதில் மிருகக் கொழுப்பை அப்பி இறக்கினால் அடியில் கிடக்கும் மணலோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். படத்தில் உள்ள சின்ன எழுத்துகளெல்லாம் அப்படிக் கொழுப்பில் ஒட்டி வந்தவைதான்.

நைலோன் கயிறு அளக்கும்போது முதல் சண்டை. ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். நான் விரித்து அளந்து பத்துப் பாகம் முடிச்சுப் போட்டேன். மச்சான் வந்து விரித்துப் பார்த்தான். அவனுக்கு அது எட்டரைதான் வந்தது.

"இது உங்கட பாகம்" என்றான். "கடல் என்ட பாகத்துக்குத்தான் பழக்கம்."

"வெள்ளைக்காரன் பாகம் ஆறடி."

"வெள்ளைக்காரன்ட கையையும் கொண்டுவந்தீங்களா?"

அளவு நாடாவால் ஆறடி ஆறடியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் மனைவியின் பையிலிருந்த வெட்டுத் துணிகளை வேறு வேறு நிறத்தில் கட்டினேன். கொழுப்புக்கு இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"சூப்புக்கா, சேர்?"

"இல்ல, கடலுக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓய்வு எடுத்து எவ்வளவு காலம்?" என்று அன்பாக விசாரித்தார். கொழுப்பைச் சும்மாவே தந்தார்.

போவதற்கு முதல் நாள் மனைவி, "நானும் வாறன்" என்றாள்.

மச்சானும் நானும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம். அவள் கடல்காரக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் பெரிய அலை வந்து ஊரைப் பிரட்டிப் போட்ட நாளிலிருந்து அவள் கடற்கரைக்குப் போனதில்லை. பெருநாளுக்குப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனால்கூட வீதியோரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"உங்க ரெண்டு பேரையும் தனிய விட்டா, இவன் உங்களுக்குப் பொய் சொல்லுவான். நீங்க அத மெப்பில எழுதிருவீங்க."

அப்படிச் சொல்லிவிட்டுத் தொதல் வெட்டப் போனாள். பயணத்துக்கு என்று ஒரு பெட்டி நிறையத் தொதல். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டும் அவளுடைய தொதல் கறுப்பாக, எண்ணெய் மினுங்க, ரப்பர் போல இழுபடும். பொய்ப்பல் கட்டியவர்கள் அதைத் தொடுவதில்லை.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வரும்போது கரைக்குப் போனோம். கச்சான் காற்று எழும்ப முதல் திரும்ப வேண்டும் என்றான் மச்சான். மனைவி ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை அபாயாவுக்கு மேல் போட்டு, நாடாக்களை மூன்று தரம் இழுத்துக் கட்டிக்கொண்டாள். தண்ணீருக்குள் முதல் அடியை வைத்தபோது என் கையைப் பிடித்த பிடியில், அவளுடைய நகத் தடம் நாலும் இரண்டு நாள் என் தோலில் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி எதையோ ஓதினாள். பிறகு கண்ணைத் திறந்து, "எஞ்சினப் போடு" என்றாள், பஸ் கொண்டக்டருக்குச் சொல்வதுபோல.

முதல் அலையைத் தாண்டியவுடனேயே நான் காலைச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது அலைக்கு முதல் நாள் இரவுச் சாப்பாடு. மச்சான் பெரிய மனதோடு, "மீனுக்கு இரை போட்டாச்சு" என்றான். மனைவி என் முதுகைத் தடவினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் பதாகையை விரித்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. எட்டடித் துணி காற்றில் பாய் போல எழும்பி, நேரே போய் மச்சானின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் எஞ்சின் கைப்பிடியை விடாமல், ரோஜாப்பூவுக்குள் இருந்து ஏதேதோ சொன்னான். போட் ஒரு முழு வட்டம் அடித்தது. மனைவிதான் துணியைப் பிடித்து இழுத்து மடித்தாள். தேவையான இடம் மட்டும் தெரியும்படி சாரம் மடிப்பது போல மடித்து என் மடியில் வைத்தாள்.

நான் திசைகாட்டியை வைத்து மலைமுனையையும் கரையையும் குறிபார்த்தேன். பழையவர்கள் தென்னைகளைப் பார்த்தார்கள். எனக்குத் தொலைபேசிக் கோபுரங்களும் பள்ளிவாசல் மினாராக்களும் இருந்தன. அரைமணி நேரம் "கொஞ்சம் வடக்க, கொஞ்சம் தெற்க" என்று சொல்லிக் கொண்டிருந்தேன். மச்சான் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. சொன்ன இடத்துக்கெல்லாம் பணிவாகப் போனான். கடைசியில் படத்தில் வட்டம் போட்ட இடம் இதுதான் என்று முடிவு பண்ணினேன். அவன் எஞ்சினை நிறுத்தினான்.

கொழுப்புப் போத்தலைத் திறந்தேன். வெயிலில் அது உருகித் தேங்காய் எண்ணெய் மாதிரி ஆகிவிட்டிருந்தது. படிக்கல்லின் குழியில் ஊற்றினால் அப்படியே வழிந்து என் காற்சட்டையில் இறங்கியது.

"இனி என்ன செய்ற?" என்றான் மச்சான்.

நான் மனைவியைப் பார்த்தேன். பிறகு அவள் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"நினைக்கவும் வேணாம்" என்றாள்.

"ஒரு துண்டு."

"மூணு மணித்தியாலம் நிண்டு கிண்டின தொதல்."

"அறிவுக்காகக் கேக்கிறன்."

அவள் மிகச் சிறிய துண்டைத் தேடி எடுத்துத் தந்தாள். குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அதற்கென்றே செய்ததுபோல ஒட்டிக்கொண்டது. பிஸ்மி சொல்லி இறக்கினேன். பச்சைத் துணி போனது, மஞ்சள் போனது, சிவப்பு போனது. ஒன்பது பாகத்தில் கயிறு தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் தொதல் முழுக்க மணல். நல்ல, சுத்தமான, வெள்ளை மணல்.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "சிலோன் சீனி போட்ட தொதல்" என்றான்.

நாலு இடத்தில் இறக்கினேன். நாலு துண்டுத் தொதல் மணலானது. ஒன்பது பாகம், ஒன்பதரை, ஒன்பது, ஒன்பது. எனக்கு வயிற்றுக் குமட்டலோடு மனக் குமட்டலும் சேர்ந்தது. மச்சான் போட்டின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு துண்டைத் தின்றபடி அலுமாரிக்கு மேலே இடம் இருக்கிறதா என்று ராத்தாவிடம் விசாரித்தான்.

மனைவி வடக்குப் பக்கமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க சாயம் சரியாப் பிடிக்கல்ல" என்றாள்.

"என்ன?"

"இஞ்ச தண்ணி மயில்கழுத்து நிறம். அங்காலயும் மயில்கழுத்து. நடுவில அந்தத் துண்டு மட்டும் மண்ணிறம் கலந்த பச்ச. நூலில முடிச்சு விழுந்த இடத்தில சாயம் ஏறாட்டி இப்பிடித்தான் இரிக்கும். அடியில ஏதோ கிடக்கு."

நான் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. மச்சான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது மேகத்துட நிழல், ராத்தா" என்றான்.

நாங்கள் மூன்று பேரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகமும் இல்லை.

"பாசி" என்றான் மச்சான்.

"அப்ப போய்ப் பாப்பம்."

"எண்ணெய் காணாது."

"முழு டாங்க் அடிச்சன் எண்டு நீதான் சொன்ன."

"எஞ்சின் சூடாகியிரிக்கி."

"அரைமணித்தியாலமா நிப்பாட்டி வெச்சிரிக்கிற எஞ்சின் எப்பிடிடா சூடாகும்?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்தக் குரல் எதற்கு முன்னால் வரும் என்று அவனுக்குத் தெரியும். எஞ்சின் கயிற்றை இழுத்தான். போகும் வழியெல்லாம் இடுப்பில் சாரத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். வயிற்று வலியோ என்று நான் நினைத்தேன்.

அரை மைல் போயிருப்போம். நான் கயிற்றை இறக்கினேன். ஏழு பாகம். கொஞ்சம் தள்ளி ஆறு. இன்னும் கொஞ்சம் தள்ளி இறக்கினால் ஐந்து பாகத்தில் 'டொக்' என்று கயிறு வழியாகக் கைக்கு வந்தது. மணலில் விழுந்தால் அப்படி வராது. இழுத்தேன். குழியில் தொதலே இல்லை. விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதில் பல்லுப் பட்ட அடையாளம்.

"மீன் திண்டிரிக்கி" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு பெருமை.

மறுபடி அப்பி இறக்கினேன். அதையும் தின்றுவிட்டன. மூன்றாவது தரம் மீனுக்குச் சந்தர்ப்பம் கொடுக்காமல், தட்டியவுடன் வெடுக்கென்று இழுத்தேன். மேலே வந்த தொதலில் விரல்நுனி அளவு ஒரு வெள்ளைத் துண்டு குத்திக்கொண்டு நின்றது. சின்னச் சின்ன ஓட்டை ஓட்டையாக, பூ வேலை செய்தது மாதிரி. முருகைக்கல். எத்தனையோ காலத்துக்கு முன்னால் யாரோ பெயர் தெரியாத ஒரு மாலுமி இதே இடத்தில் கொழுப்பில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனுக்குக் கத்திச் சொல்லியிருக்கிறான். அவன் இடத்தை அரை மைல் பிழையாக எழுதிவிட்டான். ஆனால் பிழையாக இருக்கலாம் என்றும் நேர்மையாக எழுதி வைத்துவிட்டான்.

நான் இதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் மச்சானின் சாரம் கத்தியது.

கீ, கீ, கீ என்று மூன்று தரம். அவன் வேறு பக்கம் பார்த்தான். மறுபடி கீ, கீ, கீ.

"அது என்ன?" என்றாள் மனைவி.

"ஃபோன்."

"ஃபோனக் கரையில வெச்சிட்டுத்தானே வந்த. எடு."

அவன் இடுப்பிலிருந்து ஜீபீஎஸ் கருவியை மெதுவாக எடுத்தான். முதலே குறித்து வைத்த இடத்துக்குக் கிட்ட வந்தால் அது கத்துமாம். எப்போதோ அப்படி அமைத்து வைத்தவனுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. திரையில் எங்கள் போட் ஒரு முக்கோணமாகத் தெரிந்தது. முக்கோணத்துக்கு மேலேயே ஒரு கொடி. கொடிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"மாமி வீடு."

மனைவி கருவியை வாங்கித் தானும் பார்த்தாள்.

"எத்தின வருசமா?" என்றேன்.

"பதினொரு வருசம்."

"கலவாயெல்லாம்?"

"ஓம். இஞ்சதான்."

"ஏன்டா மாமி வீடு எண்டு போட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆராவது கருவியப் பாத்தாலும் அந்தப் பேரக் கண்டா போக மாட்டான் மச்சான். ஒருத்தனும் போக மாட்டான்."

மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு மறைக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகக் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தவள், அதன் நடுவில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். மச்சானும் கடைசியில் சிரித்தான், ஆனால் பல் தெரியாமல்.

கரைக்கு வரும் வழியில் அவன் எங்களிடம் வாக்குறுதி வாங்கினான். இந்த இடம் மூன்று பேருக்குள்தான். வேறு ஒருவருக்கும் மூச்சுக் காட்டக்கூடாது. நாங்கள் இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம். நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

நடந்தது வேறு. போட்டில் வரும்போதே என்னிடமிருந்த அழியாத மைப் பேனையால் பதாகையில் பாரின் சரியான இடத்தைக் குறித்திருந்தேன். கைப்பழக்கம். குறித்தால் அளவு எழுத வேண்டும், கரையிலிருந்து தூரமும் திசையும் எழுதினேன். எழுதினால் பெயர் போட வேண்டும். 'மாமி வீடு, ஐந்து பாகம், முருகைக்கல்' என்று, முப்பது வருஷம் வயல்களுக்கு எழுதிய அதே அழகான எழுத்தில், வாசிக்கக் கஷ்டப்படாத அளவில் எழுதினேன். கரையில் இறங்கியதும் துணி நனைந்திருக்கிறதே என்று மணலில் விரித்துக் காயவைத்துவிட்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலை நிறுத்த ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடற்கரையில் பதாகை விரித்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? ஹஜ்ஜுக்குப் போனவர் வருகிறாரோ, தேர்தலோ என்று வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். முதலில் ரோஜாப்பூவைப் பார்த்தார்கள். பிறகு வாழ்த்தை வாசித்தார்கள். பிறகு ஒருவர் குனிந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது நாலைந்து பேர் தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் போட்டை இழுத்துக் கரையேற்றிவிட்டு வந்து பார்த்தான். சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் மாமி வீட்டுக்கு ஏழு போட் போனதாகக் கேள்விப்பட்டேன். பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலிருந்தும் வந்தார்களாம். அந்த வெள்ளிக்கிழமை மச்சான் சாப்பிட வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மனைவி அவனுக்கென்று சோற்றை மூடி வைத்துவிட்டு, அஸருக்குப் பிறகு திறந்து என்னைச் சாப்பிடச் சொன்னாள். அது தண்டனை என்று எனக்கு விளங்கியது.

மூன்றாவது கிழமை, அவனுடைய மாமியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சின்ன உருவம், பெரிய குரல். வந்ததும் வராததுமாகச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். பந்தயத்தைப் பற்றி ஒருவரும் கேட்காததால், காய்ந்த பதாகையை நான் மறுபடி மாட்டியிருந்தேன்.

"என்ட வீடு எங்க?" என்றார்.

நான் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

"இவன் என்னக் கடலுக்க தாட்டிரிக்கான் எண்டு ஊரெல்லாம் கதைக்கிது."

"அப்பிடி இல்ல மாமி. அது ஒரு அடையாளத்துக்கு" என்றேன்.

"நான் கோவிக்கல்ல, தம்பி. இந்தப் பேர மாத்திராதீங்க." அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. அந்தப் பாரில் மீன் பிடிக்கிறவர்கள் கரைக்கு வந்ததும், பகிடியாகத் தொடங்கி இப்போது வழக்கமாகவே, மாமிக்கு என்று ஒரு மீனைக் கொடுத்தனுப்புகிறார்களாம். வீட்டுக்காரிக்குக் கொடுக்காமல் வந்தால் நாளைக்குக் கதவு திறக்காது என்று அவர்களுக்குள் ஒரு கதை. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. குளிர்சாதனப் பெட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுப் பெட்டியும் நிரம்பிவிட்டது.

"இவன்தான் எல்லாத்தையும் செதில் சுரண்டிக் கழுவுறான்" என்றார் மாமி. "கடலுக்குப் போகாமலே மீன். இன்னும் முகத்தத் தூக்கிக்கொண்டு திரியிறான்."

அவர் போகும்போது என் மனைவி தொதல் கொடுத்தனுப்பினாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு வீதி முனை வரை ஒன்றும் பேச முடியாமல் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் வந்தபோது மச்சான் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் செதில் வெட்டிய காயம். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பாருக்குத் தெற்க இன்னொண்டு இரிக்கி" என்றான். "நீளமா. கரையோட ஒட்டிப் போற மாதிரி. அத ஒருத்தனும் அளக்கல்ல."

"அதுக்கும் பேர் வெச்சிரிக்கியா?"

"வெச்சிரிக்கன்." அவன் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ராத்தா இல்லாத நேரம்தான் சொல்லுவன்."

உள்ளேயிருந்து மனைவி, "எனக்குக் கேக்குது" என்றாள். பிறகு மீனைக் கழுவித் தரும்படி அவனைக் கூப்பிட்டாள். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழும்பிப் போனான்.